மலைப்பாதைக்கு ஒரு குதிரை வாங்குவது

சவாரிப் பள்ளியில் ஓரிரு வருடம் பழகி, மணல் வளையத்துக்குள் சுற்றிச் சுற்றி வருவது அலுக்கத் தொடங்கும்போதுதான் பலருக்கும் சொந்தக் குதிரை ஆசை பிறக்கிறது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ குடியிருப்பவருக்கு அது எட்டாக் கனி இல்லை. தாதரிலோ குர்லாவிலோ கர்ஜத் லோக்கலைப் பிடித்தால் நேரலில் இறங்கிவிடலாம். செம்பூரிலிருந்து பன்வெல் வழியாகக் காரில் கிளம்பினாலும் வெயில் ஏறுவதற்குள் சஹ்யாத்ரியின் அடிவாரம் வந்துவிடும். அங்கே வயல் வரப்பு, மாட்டுவண்டித் தடம், ஓடை, கருங்கல் சரிவு என்று மணிக்கணக்காகப் போய்க்கொண்டே இருக்கலாம். இதற்கு எந்தக் குதிரை தோதானது என்று விசாரிக்க ஆரம்பித்தால் முதலில் வந்து நிற்கும் பெயர் அமெரிக்காவின் குவார்ட்டர் ஹார்ஸ். கிடைக்குமா, எவ்வளவு ஆகும், கிடைக்காவிட்டால் அதற்கு ஈடாக எந்த இனம் என்று பேச்சு முழுவதும் இனத்தைச் சுற்றியே ஓடும். இந்த அத்தியாயம் அந்தப் பேச்சை வேறு பக்கம் திருப்பப் பார்க்கிறது. மலைப்பாதைக்குக் குதிரை வாங்குகிறவர் பணம் கொடுக்க வேண்டியது அந்தக் குதிரை இதுவரை செய்துவந்த வேலைக்கு. இனம் ஒரு முன்குறிப்பு, அவ்வளவுதான். குதிரை என்ன வேலை பார்த்தது, எந்தத் தரையில் பார்த்தது, யார் ஏறிப் பார்த்தது என்பதை விசாரித்து, அந்த வேலையை நம் கண்முன்னே ஒருமுறை செய்யவைத்துப் பார்த்தவர் ஏமாறுவது அரிது.

குவார்ட்டர் ஹார்ஸின் புகழ் வெறும் சினிமாப் புகழ் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கால் மைல் ஓட்டத்தில் அதன் வேகம் பேர்பெற்றது. ஆனால் அதைப் பெருக்கி வளர்த்தவர்கள் பெரும்பாலும் மாட்டுப் பண்ணைக்காரர்கள். நாள் முழுவதும் மந்தைக்குள் வேலை செய்ய வேண்டும், கயிறு வீசும்போது அசையாமல் நிற்க வேண்டும், கட்டிப்போட்டால் கட்டின இடத்தில் காத்திருக்க வேண்டும். இதற்கு ஒத்துவராத குதிரைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். 1940இல் அமெரிக்காவில் அதற்கென்று பதிவுச் சங்கம் தொடங்கியபோது பதிவானது அந்த உழைப்பின் பலன். அகன்ற மார்பு, கனத்த பின்தொடை, குட்டையான முதுகு, எளிதில் மிரளாத மனம் எல்லாம் அப்படி வந்தவை. அப்படியானால் இனத்தைப் பார்த்தே வாங்கலாமே என்று கேட்கலாம். சாந்தமான சுபாவம் ஓரளவு பிறப்பிலேயே வருவதுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் இதே இனம் ஒரு பாடமும் சொல்கிறது. 1969இல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற ஆண் குதிரை, உடலழகுக் காட்சிகளில் வெற்றிமேல் வெற்றி பெற்றது. அதன் வாரிசுகளுக்காகப் போட்டி போட்டார்கள். பிறகுதான் அந்த வம்சத்தில் ஒரு மரபணுக் கோளாறு இருப்பது தெரிந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, தசை துடித்து, சில சமயம் நின்ற இடத்திலேயே குதிரை சரிந்து விழும். வம்சாவளிக் காகிதம் முறையாகத்தான் இருந்தது. அதை நம்பி வாங்கியவர்கள் வீட்டுக்கு வந்தது நோயுள்ள குதிரை. இந்தியாவில் இருப்பவருக்கு இறக்குமதி அனுமதி, விமானச் செலவு, தனிமைக் காப்பு என்று இன்னும் பல படிகள் உண்டு. அத்தனையும் தாண்டி வந்து சேரும் குதிரை, மும்பையின் ஜூன் மாத ஈரத்தைக் கண்டிராத குதிரையாகவும் இருக்கும். ஆகவே அந்த இனத்திடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதை வளர்த்தவர்களின் அளவுகோலை. வேலைக்கு ஒத்துவந்ததா, இல்லையா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மும்பையில் சுலபமாகக் கிடைக்கும் குதிரைகளைப் பார்ப்போம். சுலபம் என்றால் முதலிடம் மகாலட்சுமி ரேஸ்கோர்ஸிலிருந்து ஓய்வுபெறும் தொரோபிரெட் இனப் பந்தயக் குதிரைக்குத்தான். 1883 முதல் அங்கே பந்தயம் நடக்கிறது. குளிர்காலத்தில் மும்பை, மழைக்காலத்தில் புனே என்று பந்தயப் பருவம் மாறி மாறி வரும். ஒவ்வொரு பருவம் முடியும்போதும் இனி ஜெயிக்காது என்று முடிவான சில குதிரைகளை உரிமையாளர்கள் கைமாற்றிவிடுவார்கள். குதிரை பார்க்க அழகாக இருக்கும், வயது நாலோ ஐந்தோ இருக்கும், காகிதங்கள் சரியாக இருக்கும், விலையும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகச் சொல்வார்கள். ஆனால் அது இதுவரை என்ன வேலை செய்தது என்று பாருங்கள். இரண்டு வயதிலேயே, எலும்பு முழுதாக முதிர்வதற்கு முன்பே, முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிட்டது. கடிவாளத்தில் இழுப்பு விழுந்தால் அதன்மேல் சாய்ந்துகொண்டு வேகம் கூட்டப் பழகியிருக்கிறது. மலைச் சரிவில் பயந்துபோய் லகானை இறுக்கும் புதியவருக்கு இதுவே ஆபத்து. ஜாக்கியை ஒருவர் காலைப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிடுவார், அப்போதும் குதிரை நடந்துகொண்டே இருக்கும். ஆகவே ஏறும்வரை அசையாமல் நிற்பது அதற்குத் தெரியாத பாடம். புல்தரையும் மணல்தரையும் மட்டுமே மிதித்த குளம்பு, அடிப்பாகம் மெலிந்து, கருங்கல் ஜல்லியில் சீக்கிரம் கன்றிப்போகும். பந்தயம் நிறுத்தப்பட்டதற்கே முன்னங்கால் தசைநாண் காயமோ முழங்கால் எலும்புச் சில்லோ காரணமாக இருக்கவும் கூடும்.

இந்தக் குதிரைகளுக்கும் ஒரு வீடு வேண்டாமா, நாம் வாங்காவிட்டால் அவற்றின் கதி என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, மனமுள்ளவர்கள் கேட்கும் கேள்வி. மகாலட்சுமியிலேயே இருக்கும் அமெச்சூர் ரைடர்ஸ் கிளப் போன்ற இடங்களில் பந்தயத்தை விட்ட குதிரைகள் தாண்டுதலுக்கும் பயிற்சிச் சவாரிக்கும் நன்றாகத் தேறியிருக்கின்றன. ஆனால் அங்கே தேர்ந்த பயிற்சியாளர் மாதக்கணக்கில் அதனுடன் தினமும் வேலை செய்கிறார். வேலி போட்ட மைதானத்தில், சமதரையில் செய்கிறார். வாரம் ஒருமுறை நேரலுக்கு வந்து ஏறுகிறவரால் அது முடியாது. முடியாத பொறுப்பை நல்லெண்ணத்தால் ஏற்றுக்கொண்டால் ஆறு மாதத்தில் குதிரை மறுபடி கைமாறும், அடுத்த கை இன்னும் மோசமானதாக இருக்கலாம். ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைதான் வேண்டும் என்பவர், வேறொருவர் குறைந்தது ஓராண்டு மறுபயிற்சி கொடுத்து வெளிப்பாதையில் ஓட்டிய குதிரையைத் தேடி, அந்த ஓராண்டு உழைப்புக்கும் சேர்த்து விலை கொடுப்பதே இருவருக்கும் நல்லது.

அடுத்து கண்ணில் படுவது கல்யாண ஊர்வலக் குதிரை. பேண்டு வாத்தியம், பட்டாசு, ஜெனரேட்டர் விளக்கு, ஆடும் கூட்டம் என எதற்கும் மிரளாமல் நிற்கும் வெள்ளைப் பெட்டையைப் பார்க்கும் எவருக்கும், இதைவிடச் சாதுவான குதிரை உண்டா என்று தோன்றும். மாத்தேரான் குதிரையும் அப்படித்தான். மோட்டார் வண்டிக்குத் தடையுள்ள அந்த மலையில் தஸ்தூரி நாக்காவிலிருந்து செம்மண் பாதையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு நாளெல்லாம் நடக்கின்றன. சரிவும் கல்லும் மழையும் அவற்றுக்குப் பழக்கம். பாவர் பிளாக் பதித்த பாதையில் குளம்பு வழுக்குகிறது என்ற புகார் உச்ச நீதிமன்றம் வரை போன ஊர் அது. தரையைப் பற்றி அங்குள்ள குதிரைக்காரர்களுக்குத் தெரிந்தது புத்தகம் எழுதுகிறவர்களுக்குத் தெரியாது. மாத்தேரானில் ஒரு நாள் சும்மா நின்று, இறக்கத்தில் குதிரை எப்படிப் பின்கால்களைத் தனக்கு அடியில் வைத்துக்கொண்டு இறங்குகிறது, எங்கே வேகம் குறைக்கிறது என்று கவனிப்பது நல்ல பயிற்சி. ஆனால் இந்த இரண்டு வகைக் குதிரைகளிலும் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. ஊர்வலக் குதிரையின் வாயருகே எப்போதும் சயீஸ் என்ற பராமரிப்பாளர் ஒருவர் கயிறு பிடித்து நிற்பார். மாத்தேரான் குதிரைக்கு முன்னாலோ பக்கத்திலோ குதிரைக்காரர் நடப்பார், அல்லது முன்னால் இன்னொரு குதிரையின் வால் தெரியும். ஆகவே அவை கீழ்ப்படிவது நடந்துவரும் மனிதருக்கு. முதுகில் இருப்பவர் அவற்றுக்கு ஒரு சுமை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதே குதிரையை சயீஸ் பிடியை விட்டு, மற்ற குதிரைகளின் கண்ணிலிருந்து மறையும் தூரம் தனியாக ஓட்டிப் பாருங்கள். சில குதிரைகள் நூறு அடி தாண்டியதும் நட்டுவைத்ததுபோல் நின்றுவிடும், கனைக்கும், சட்டென்று திரும்பி வந்த வழியே ஓடும். தனியாகப் போகச் சம்மதிக்கும் குதிரை கிடைத்துவிட்டால், மேலே சொன்ன எல்லா வகையிலும் உங்களுக்கு மிகப் பொருத்தமானது இதுவாகவே இருக்கும். எனவே இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்றேன். ஆனால் வேலை செய்ய உடம்பு வேண்டும்; இங்கேதான் குவார்ட்டர் ஹார்ஸ் பக்கம் நிற்பவர்களின் வலுவான வாதம் வருகிறது. நம் நாட்டுக் குதிரைகள் சிறியவை, கனத்த ஆளைச் சுமக்குமா என்கிறார்கள். இதை வாய்ப்பேச்சால் தீர்க்க முடியாது, அளந்து பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். 2008இல் ஒஹாயோவில் 8 சவாரிக் குதிரைகளை வைத்து நடந்த ஆய்வில், உடல் எடையில் 15, 20, 25, 30 சதவீதம் என்று சுமையை ஏற்றிப் பார்த்தார்கள். 20 சதவீதம் வரை குதிரைகள் சமாளித்தன. 25ஐத் தொட்டதும் இதயத் துடிப்பும் தசை வலியும் கூடின. இடுப்பு அகலமும் முன்னங்கால் எலும்பின் சுற்றளவும் அதிகமுள்ள குதிரைகளுக்கு வலி குறைவாக இருந்ததையும் கவனித்தார்கள். இந்த 20 சதவீதம் சேணத்தையும் தண்ணீர்ப் பையையும் சேர்த்து. மலை ஏற்றத்துக்கு இதை மேல்வரம்பாக வைத்துக்கொண்டு, முடிந்தவரை கீழேயே நிற்க வேண்டும் என்பது என் கருத்து. குதிரையின் எடையைத் தராசு இல்லாமல் கண்டுபிடிக்கத் தையல்காரரின் நாடா போதும். முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு; தோள்முனையிலிருந்து பிட்டத்தின் முனைவரை நீளம் ஒரு அளவு; இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். சுற்றளவு 163, நீளம் 150 என்றால் எடை சுமார் 335 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு 67. சேணத்துக்கும் பைக்கும் 9 கிலோ கழித்தால் 58 கிலோ ஆள் ஏறலாம். 75 கிலோ எடையுள்ளவர் 10 கிலோ சாமானோடு ஏற வேண்டுமானால் குதிரை 425 கிலோவாவது இருக்க வேண்டும், அதாவது சுற்றளவு 178, நீளம் 160 என்ற அளவில்.

இந்தக் கணக்கு சில ஆசைகளைக் கலைக்கும். பீமா நதிப் படுகையில் உருவாகி, மராத்தியப் படைகளில் பேர் வாங்கி, இன்று புனே, சோலாப்பூர் பக்கத்துத் தங்கர் இடையர்களின் மூட்டை முடிச்சோடு மேடு பள்ளமெல்லாம் நடக்கும் பீம்தடிக் குதிரை 2024இல்தான் தனி இனமாக அதிகாரப்பூர்வப் பதிவு பெற்றது. இந்த மண்ணில் இதைவிடக் கால் உறுதியான குதிரையைச் சொல்ல முடியாது. குளம்பு கல்லுக்கு அஞ்சாது, தீனி குறைவு, மழையும் வெயிலும் பழக்கம். ஆனால் அதன் உயரம் 130 சென்டிமீட்டரை ஒட்டித்தான். சுற்றளவு 145, நீளம் 125 என்று வைத்தால் 221 கிலோ. சுமக்கக்கூடியது மொத்தமாக 44 கிலோவுக்குள். சேணம் போனால் பள்ளிப் பிள்ளைதான் ஏறலாம். சிவாஜியின் வீரர்கள் ஏறவில்லையா என்று கேட்பார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை, நமக்கு உண்டு. ஒரு பொழுதுபோக்குக்காக ஒரு பிராணியின் முதுகை வலிக்கவிடுவதற்கு வரலாறு அனுமதிச் சீட்டு ஆகாது. வளர்ந்தவர்களுக்குப் பொருந்துவது மார்வாரி, கத்தியவாரி, அல்லது அவற்றின் கலப்பில் 14.2 கைக்கு மேல் உயர்ந்து, அகன்ற இடுப்பும் பருத்த கால் எலும்பும் உள்ளவை. ஒரு கை என்பது 4 அங்குலம். இவற்றில் சில குதிரைகளுக்கு ரேவால் என்ற வழுக்கும் நடை இயல்பாகவே வரும். முதுகு குலுங்காமல் மணிக்கணக்கில் உட்கார அதற்கு இணையில்லை. 85, 90 கிலோவைத் தாண்டியவர்களுக்கு நாட்டுக் குதிரை அநேகமாகப் போதாது என்பதையும் நேராகவே சொல்லிவிட வேண்டும். அவர்கள் எலும்பு கனத்த, மறுபயிற்சி பெற்ற தொரோபிரெட் கலப்பைத் தேடுவதே முறை.

நாட்டுக் குதிரை என்றதும் சந்தைதான் நினைவுக்கு வரும். தபதிக் கரையில் நந்தூர்பார் மாவட்டத்து சாரங்கேடாவில் தத்த ஜெயந்தியை ஒட்டிக் கூடும் சந்தை மும்பைக்காரருக்கு எட்டும் தூரத்தில் உள்ளவற்றில் பெரியது. ராஜஸ்தானின் புஷ்கர் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது பார்க்கலாம் என்றால் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தை இருக்கிறது. மூன்றையும் பார்க்கப் போங்கள், கண் பழகும். முதல் குதிரையை அங்கே வாங்க வேண்டாம் என்பேன். சந்தையில் விலை ஏறுவது நிறத்துக்கும், உள்வளைந்து ஒன்றையொன்று தொடும் காதுக்கும், கொட்டுக்குக் கால் தூக்கி ஆடுவதற்கும், சுழிக்கும். நெற்றியில் இந்தச் சுழி இருந்தால் ராஜயோகம், கழுத்தில் அந்தச் சுழி இருந்தால் குடிக்கு ஆகாது என்பதெல்லாம் வடக்கிலும் தெற்கிலும் ஒரே மாதிரி நம்பப்படுகிறது. பெரியவர்கள் சொன்னதில் அர்த்தம் இல்லாமலா இருக்கும் என்பவரோடு சண்டை வேண்டாம். ஆனால் சுழி பார்த்துக் குதிரையின் காலோ மனமோ எப்படி இருக்கும் என்று யாரும் நிரூபித்ததில்லை. ஒரு நன்மை மட்டும் உண்டு. சுழி சரியில்லை என்று ஒதுக்கப்பட்ட அருமையான குதிரை மலிவாகக் கிடைக்கும். சந்தையின் உண்மையான சிக்கல் வேறு. கூட்டத்தின் நடுவே, பயணக் களைப்போடு, சமதரையில் நிற்கும் குதிரையிடம் அதன் வேலையைப் பார்க்கவே முடியாது. பிடித்துப்போனால் உரிமையாளரின் ஊரைக் கேட்டுக்கொண்டு, சந்தை முடிந்து ஒரு மாதம் கழித்து அங்கேயே போய்ப் பாருங்கள்.

பார்க்கப் போகும்போது, நாங்கள் வரும்வரை குதிரையைக் கொட்டிலிலேயே வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். வியர்வை காய்ந்த முதுகோடு, சேணம் போட்டுத் தயாராக நின்றால் முறுக்கைத் தளர்த்த முன்பே ஓட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். நொண்டல் இருந்தால் அது உடல் குளிர்ந்த முதல் பத்தடியில்தான் தெரியும். ஒவ்வொரு காலாகத் தூக்கச் சொல்லிக் குளம்பின் அடியைப் பாருங்கள். நடுவில் இருக்கும் முக்கோண மென்பகுதி அகலமாக, ரப்பர் போல் அழுத்தமாக இருக்க வேண்டும். அது சுருங்கி, இடுக்கில் கறுப்பாகக் கசிந்து, துர்நாற்றம் வீசினால் ஈரத்திலும் சாணத்திலும் நிற்கவைத்திருக்கிறார்கள். அது குணமாகக்கூடியதுதான், ஆனால் பராமரிப்பு எப்படி என்று சொல்லிவிடும். லாடம் கழற்றியபின் பழைய ஆணித்துளைகள் குளம்புச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தால், அந்தக் குதிரைக்கு மலையில் லாடம் தங்காது. முன்னங்கால் பின்பக்கத் தசைநாணை மேலிருந்து கீழே விரலால் நீவிப் பாருங்கள். கயிறுபோல் நேராக ஓட வேண்டும், எங்கேயும் புடைப்போ சூடோ கூடாது. பிறகு பல். நிரந்தர முன்பற்கள் எல்லாம் வந்து வாய் நிறைவது 5 வயதில். மேல் ஓரப்பல்லில் பழுப்பு நிறத்தில் ஒரு நெடுக்குக் கோடு ஈறருகே 10 வயதுவாக்கில் எட்டிப்பார்க்கும். 15இல் பாதிப் பல்லுக்கு இறங்கியிருக்கும். முதல் குதிரைக்கு 8 முதல் 14 வயதுதான் என் சிபாரிசு. அந்த வயதில் வேலையின் சரித்திரம் இருக்கும், உடம்பும் தளர்ந்திருக்காது. காயடித்த ஆண் இருந்தால் நல்லது. நம் ஊரில் பலரும் காயடிப்பதில்லை. அப்படிக் கிடைக்காவிட்டால் முழு ஆண் குதிரை வேண்டாம், பெட்டை நல்லது.

அதன்பின் வெளியே. உரிமையாளரோ அவர் ஆளோ முதலில் ஏறட்டும். அவர்களே ஏறத் தயங்கினால் கிளம்பி வந்துவிடலாம். பிறகு நீங்கள் ஏறி, லாரி போகும் சாலை ஓரம், தார்ப்பாய் படபடக்கும் வீட்டு வாசல், குரைக்கும் நாய், முழங்காலளவு ஓடும் தண்ணீர் என்று ஒவ்வொன்றையும் கடந்து பாருங்கள். குதிரை மிரள்வது தவறல்ல, எல்லாக் குதிரையும் மிரளும். மிரண்டபின் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. நின்று, மூச்சு விட்டு, காதை உங்கள் பக்கம் திருப்புகிறதா, இல்லை திரும்பி ஓடுகிறதா? ஒரு நீண்ட ஏற்றம் ஏறி இறங்கியதும் இதயத் துடிப்பை எண்ணுங்கள். ஸ்டெதாஸ்கோப் இருந்தால் இடது முழங்கைக்குப் பின்னால், இல்லாவிட்டால் தாடையின் அடியில் ஓடும் நாடியில். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் மருத்துவச் சோதனையைத் தாண்ட 64க்குள் இறங்கியாக வேண்டும். நீங்களும் கால் மணி நேரம் நிறுத்திவைத்து அந்த எண்ணையே எதிர்பாருங்கள். கடைசியாக, நிழலில் கட்டிவிட்டு அரை மணி டீ குடியுங்கள். தரையைப் பறித்து, கயிற்றை இழுத்து, சுற்றிக்கொண்டே நிற்கும் குதிரை மலையில் உங்களைச் சாப்பிடவிடாது.

நான்கு வயதுக் குதிரையை வாங்கி நாமே பழக்கினால் பாசம் கூடுமே, விலையும் குறையுமே என்று சொல்பவர்கள் மறுபடியும் வேலையை மறந்துவிடுகிறார்கள். இளங்குதிரைக்கு வேண்டியது தினசரி, ஒரே மாதிரி, அவசரப்படாத கை. மும்பையில் அலுவலகம் போகிறவரால் கொடுக்க முடிவது வாரக் கடைசி. மீதி ஐந்து நாளும் அதைப் பழக்குவது லாயத்து ஆள். அவர் பழக்கியபடிதான் அது வளரும். பழகிய குதிரை தவறு செய்யும் சவாரியைப் பொறுத்துக்கொண்டு அவருக்குக் கற்றுக்கொடுக்கும். இரண்டு பேருமே புதியவர்களாக இருந்தால் மலை விளிம்பில் யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது?

மருத்துவச் சோதனை தவிர்க்க முடியாதது. விற்பவரின் மருத்துவர் வேண்டாம். உங்கள் செலவில் குதிரை தெரிந்த ஒருவரை அழையுங்கள். 1886 முதல் நடந்துவரும் பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரி பரேலில், மாட்டுங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து விசாரிக்கத் தொடங்கலாம். மூன்று இரத்தச் சோதனைகளைக் கேளுங்கள். கிளாண்டர்ஸ் என்பது மனிதருக்கும் தொற்றும் நோய். உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கொன்றுவிடுவார்கள். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கு அதிகாரப்பூர்வச் சோதனை செய்கிறது. சர்ரா என்பது கடிக்கும் ஈக்களால் பரவும் இரத்த ஒட்டுண்ணி. விட்டு விட்டு வரும் காய்ச்சல், மெலிவு, காலிலும் வயிற்றடியிலும் வீக்கம் இதன் அடையாளங்கள். இந்தியக் குதிரைகளில் இது பரவலாக உண்டு, நேரத்தில் பிடித்தால் சிகிச்சையும் உண்டு. மூன்றாவது, வலி மறைக்கும் மருந்து இரத்தத்தில் இருக்கிறதா என்பது. இதைக் கேட்கும்போது விற்பவர் முகம் சுளிக்கலாம், நட்பாகப் பேசித் தவிர்க்கவும் பார்க்கலாம். மரியாதையோடு, ஆனால் விடாமல் கேளுங்கள்.

எங்கே வைப்பது என்பதைக் குதிரை வருவதற்கு முன்பே தீர்த்திருக்க வேண்டும். தாராவியிலோ சயானிலோ ஒரு கொட்டகையில் கட்டி வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 2015 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம் விக்டோரியா குதிரை வண்டிகளைச் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தபோது, அனுமதியில்லாத லாயங்களின் நிலையும் கேள்விக்குள்ளானது. நகருக்குள் காற்றும் நடமாட்டமும் இல்லாமல் குதிரை வைத்திருப்பது குதிரைக்கும் கொடுமை. நேரல், கர்ஜத் பக்கம் திறந்தவெளியும் மேடான தரையும் உள்ள லாயமாகப் பாருங்கள். பார்ப்பதை ஜூலையில் பாருங்கள். ஏப்ரலில் எல்லா லாயமும் நன்றாகத்தான் இருக்கும். கொட்டும் மழையில் குளம்பு நனையாமல் நிற்க இடம் இருக்கிறதா என்பதே அந்த லாயத்தின் தரம். 400 கிலோ குதிரை எடையில் 2 சதவீதம் என்ற கணக்கில் நாளொன்றுக்கு 8 கிலோ காய்ந்த தீவனம் தின்னும், மாதத்துக்கு 240 கிலோ. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காத வைக்கோலுக்கும் புல்லுக்கும் விலை ஏறும். கொள்ளும் தானியமும் இதற்குத் துணை உணவு மட்டுமே. குதிரை வாரத்தில் ஐந்து நாள் சும்மா நிற்கும்போது தானியத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். சும்மா நின்று தின்ற குதிரைக்கு வயிற்று வலியும் திமிரும் சேர்ந்தே வரும். லாடம் 6 வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சேணத்தைக் குதிரையைப் பார்த்தபின் வாங்குங்கள், முன்கூட்டி வேண்டாம். தோள்மேட்டுக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும், நாட்டுக் குதிரைக்கு முதுகு குறுகலாக இருக்கும். நல்ல சேணங்கள் கான்பூரிலிருந்து வருகின்றன. வயிற்றுப் பட்டை, தலைக்கயிறு போன்றவற்றை மாதிரி காட்டினால் தாராவியின் தோல் பட்டறைகளில் தைத்து வாங்கிக்கொள்ளலாம். சேணத்தின் உள்சட்டத்தை மட்டும் அங்கே மாற்றச் சொல்ல வேண்டாம், அது வேறு தொழில். வாங்கும் குதிரையோடு முள் வைத்த கடிவாளம் வந்தால் அன்றே தூக்கி எறியுங்கள். அதைப் பயன்படுத்துவது குற்றம், வாயில் அதன் தழும்பு இருந்தால் குதிரையின் சரித்திரமும் தெரிந்துவிடும்.

விலை பேசி முடித்ததும் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாமல், ஒரு மாதம் அதே லாயத்தில் அதே தீனியில் வைத்து ஓட்டிப் பார்க்க ஒப்பந்தம் கேளுங்கள். மாத வாடகை என்று தனியாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. ஒத்துக்கொள்ளாதவரிடம் பதினைந்து நாள் கேளுங்கள். எழுத்தில் இருக்க வேண்டியவை குதிரையின் நிறம், அடையாளக் குறிகள், வயது, அறிந்த குறைகள், மருத்துவச் சோதனையின் தேதி, எந்தச் சூழ்நிலையில் திருப்பிக் கொடுக்கலாம் என்பது. மைக்ரோசிப் இருந்தால் எண்ணையும் சேருங்கள். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று எழுதி வாங்குங்கள். வண்டியில் ஏற்றும் நாளில் பயணத்துக்குத் தகுதி என்ற மருத்துவச் சான்று ஓட்டுநரிடம் இருக்க வேண்டும். இரவுப் பயணமாக வையுங்கள். புதிய இடத்தில் முதல் வாரம் பழைய தீனியையே கொஞ்சம் கொண்டுவந்து கலந்து கொடுங்கள், அந்த வாரம் ஏற வேண்டாம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதையில் கூடவே நடந்து வாருங்கள்.